எங்கள் வீடுகளில் கழற்றிவிட்டோம்

நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. பல்லி கத்தினால் பயம். போன் அடித்தால் பயம், அடிக்காமல் இருந்தால் அதைவிடப் பயம். டிகிரி முடித்துவிட்டு கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கேஸ் டியூப் கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலைக்குச் சேர்ந்தபோது என் அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். "உனக்கேத்த எடம்தான். சிலிண்டருக்கும் அடுப்புக்கும் நடுவுல."

சிலிண்டரிலிருந்து அடுப்புக்குப் போகுமே ரப்பர் டியூப், அதைத்தான் எங்கள் கம்பெனி செய்தது. பச்சை நிறம், நடுவில் மெல்லிய மஞ்சள் கோடு. இரண்டாயிரம் பிறந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. வீட்டுக்கு வீடு இலவச கேஸ் அடுப்பு வந்துகொண்டிருந்த காலம். அதுவரை விறகிலும் மண்ணெண்ணெயிலும் சமைத்த வீடுகளில் சிலிண்டர் புது மருமகள் மாதிரி வந்து நின்றது. டியூப் நன்றாகவே விற்றது.

தொழிற்பேட்டையில் பக்கத்துக் கம்பெனிக்கு வெப்சைட் வந்துவிட்டது என்று எங்கள் ஓனரும் ஒன்று வைத்திருந்தார். ஏதோ விழாவில் கழுத்தில் மாலையோடு அவர் நிற்கிற படம், ஒரு மிஷின், முகவரி, அவ்வளவுதான். அதைப் பார்த்துக்கொள்வதும் பில் போடுவதும் என் வேலை. கூடவே புகார் சொல்ல வருகிற போன்களையும் என் மேஜைக்கே தள்ளிவிட்டிருந்தார்கள். அதுதான் என்னைக் கொன்றது. யாரோ ஒரு கடைக்காரர் எங்கிருந்தோ கத்துவார், எனக்கு உள்ளங்கை வியர்த்துவிடும். அந்தக் குரல்களிலிருந்து தப்பிக்கத்தான் ஓனரிடம் ஒரு யோசனை சொன்னேன்.

"சார், வெப்சைட்ல ஒரு பக்கம் வெச்சிடலாம். யாரு வேணா என்ன கொறை வேணா எழுதட்டும். நாமளும் அங்கயே பதில் எழுதலாம். எல்லாரும் படிக்கட்டும். ஒளிவுமறைவு இல்லாத கம்பெனின்னு பேர் வரும்."

ஓனர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். உள்ளூர்க்காரர், ஐம்பது தாண்டியவர். ஒரு சின்ன ஷெட்டில் ஆரம்பித்து இவ்வளவு தூரம் வந்தவர். "பார்றா, தில்லான பொண்ணுதான் நீ" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அது தில் இல்லை, போனை எடுக்காமல் இருக்க நான் கண்டுபிடித்த வழி.

அப்போது எல்லோரும் பைத்தியமாகக் கிடந்த ஒரு நட்புத் தளம் உண்டு. ஊதா நிறத்தில் இருக்கும், இப்போது இல்லை. அதிலும் கம்பெனி பெயரில் ஒரு குழு ஆரம்பித்தேன். டியூப்புக்கு ஒரு குழுவா என்று தோழிகள் கேலி செய்தார்கள். ஆனால் ஆள் சேர்ந்தது. வெளிநாட்டிலும் வெளியூரிலும் வேலைக்குப் போன பிள்ளைகள். ஊரில் அம்மா தனியாகச் சமைக்கிறாளே, எதைப் பார்க்கச் சொல்வது என்று அவர்களுக்கு ஒரு கவலை. சோப்புத் தண்ணீரை டியூப்பில் தடவி, குமிழ் வருகிறதா என்று பார்க்கச் சொல்லி நான் எழுதுவேன். அவர்கள் வீட்டுக்குப் போன் செய்து சொல்வார்கள். முகம் தெரியாதவர்களிடம் எழுதுவதில் எனக்குப் பயமே இல்லை. அதுதான் வினையாக வந்து முடிந்தது.

ஒரு நாள் மதியம் மின்வெட்டு முடிந்து கம்ப்யூட்டரைப் போட்டதும் புகார்ப் பக்கத்தில் ஒரு செய்தி இருந்தது. புதிதாக வாங்கிய டியூப், வளைத்துப் பார்த்தால் விரிசல் தெரிகிறது, வாங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை. கொஞ்ச நேரத்தில் வேறொரு ஊரிலிருந்து இன்னொன்று. அவருக்கு விரிசலோடு கேஸ் வாடையும் வந்திருக்கிறது.

தரம் பார்க்கிறவரிடம் ஓடினேன். அவர் அந்த டியூப்கள் செய்த மாதத்துச் சரக்கிலிருந்து ஒரு துண்டை வெட்டி, ரப்பரைச் சோதிக்கிற சூட்டடுப்பில் போட்டு வைத்திருந்து, மறுநாள் எடுத்து என் கண்முன் மடக்கினார். பித்தவெடிப்பு வந்த குதிகால் மாதிரி பிளந்தது. வழக்கமாக ரப்பர் கலவை தருகிறவரிடம் சரக்கு இல்லாமல் அந்த ஒரு முறை வேறு இடத்தில் வாங்கியிருந்தார்கள். வந்தவுடன் பார்த்தபோது நன்றாகத்தான் இருந்ததாம். சூடு பட்டுப் பட்டுத்தான் தன் குணத்தைக் காட்டியிருக்கிறது.

ஓனர் கதவைச் சாத்திக்கொண்டு எங்கள் இருவரையும் உட்கார வைத்தார்.

"மொதல்ல அந்த ரெண்டு பேர் எழுதுனத அழிச்சுடும்மா. அப்பால டீலருங்களுக்கு நான் சொல்லிக்கறேன். கடையில கீற சரக்க சத்தமில்லாம திருப்பி எடுத்துக்கலாம்."

"கடையில இருக்கறத எடுத்துடலாம் சார். அடுப்புல இருக்கறத?"

அவர் மின்விசிறியைப் பார்த்தார். எந்த வீட்டு அடுப்பில் எந்த டியூப் என்று யாருக்குத் தெரியும்? கடைக்காரனுக்கே தெரியாது. மனிதர் கெட்டவர் இல்லை, அதை இங்கே சொல்லியாக வேண்டும். பயந்துபோன ஆள் கையில் கிடைத்த முதல் கதவைச் சாத்துவார், அதைத்தான் அவரும் செய்தார். என் இடத்துக்கு வந்து அந்த இரண்டு செய்திகளையும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அழிக்கவும் கை வரவில்லை, மாட்டேன் என்று சொல்லவும் வாய் வரவில்லை. சாயங்காலம் அவர் எட்டிப் பார்த்து "அழிச்சாச்சா?" என்றதும், "கரண்ட் போனதுல நெட்டும் போயிடுச்சு சார்" என்றேன். தமிழ்நாட்டில் அந்த வருஷம் யாரும் சந்தேகப்படாத ஒரே பொய் அதுதான்.

ஆனால் விஷயம் அதற்குள் டீக்கு வெளியே வந்தவர்கள் வாயில் விழுந்துவிட்டது. ஏன் அப்படிப் பரவியது என்று புரிய எங்கள் கம்பெனி வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆயுத பூஜைக்குப் பொரி, கடலை, இனிப்போடு ஆளுக்கு ஒரு டியூப்பும் பையில் போட்டுக் கொடுப்பார்கள். தொழிற்பேட்டையில் அவரவர் கம்பெனியில் என்ன செய்கிறார்களோ அதில் ஒன்று வீட்டுக்குப் போக வேண்டும் என்பது ஓனரின் கொள்கை. அந்த வருஷம் பையில் போட்டது இந்தச் சரக்கைத்தான்.

எங்கள் வீட்டிலும் அதுதான் இருந்தது. அதைவிட மோசம், அடுப்போடு வந்த நல்ல டியூப்பை அம்மா கழற்றி எறிந்துவிட்டு இதை மாட்டியிருந்தாள். மகள் கம்பெனி டியூப் அல்லவா! மஞ்சள் கோடு வெளியே தெரியும்படி அடுப்பைத் திருப்பி வைத்து, வந்தவர் போனவருக்கெல்லாம் காட்டினாள். அப்படி எத்தனை வீடுகளில் எத்தனை பேர் நல்லதைக் கழற்றி இதைப் பெருமையாக மாட்டியிருப்பார்கள் என்று அன்று மாலை ரயிலில் எங்கள் ஊர் பொன்னேரி வரும்வரை எண்ணிக்கொண்டே இருந்தேன்.

வீட்டுக்குள் நுழையும்போது அம்மா அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அடுப்ப அணை. மொதல்ல சிலிண்டர மூடு."

"இன்னாடி, வந்ததும் வராததுமா? ரெண்டு அப்பளந்தான் கீது."

நானே பாய்ந்து சிலிண்டரை மூடினேன். டியூப்பைக் கழற்றி வெளிச்சத்தில் மடக்கினேன். அடுப்புப் பக்கத்து முனையில் வரிசையாக வெடித்திருந்தது. அம்மா அதைப் பார்த்துவிட்டு எண்ணெய்ச் சட்டியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "தெருவெல்லாம் சொல்லிக்கினு கீறேனே, உங்க கம்பெனி டியூப்புன்னு" என்று மட்டும் சொன்னாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. இரண்டு அப்பளம் பொரிய ஆகிற நேரத்தில் என்னென்ன நடந்திருக்கலாம் என்பதை இன்றைக்கும் என்னால் முழுசாக நினைத்துப் பார்க்க முடிவதில்லை.

மறுநாள் காலை கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனிலிருந்து போகும் கம்பெனி பஸ்ஸில் எல்லோர் மடியிலும் சாப்பாட்டுப் பையோடு இன்னொரு பை. கம்பெனி வாசலில் இறங்கியதும் பேக்கிங் செக்ஷன் அக்கா ஒருத்தி தன் பையிலிருந்து சுருட்டிய டியூப்பை எடுத்து வருகை பதிகிற டைம் ஆபீஸ் சுவர் ஓரம் போட்டாள். அவள்தான் அந்த செக்ஷனிலேயே வாயாடி. அடுத்தவள் போட்டாள். பிறகு எல்லோரும். யாரும் போடச் சொல்லவில்லை. குவியல் வாட்ச்மேன் முழங்காலுக்கு வந்துவிட்டது. அவர் சாவகாசமாக உள்ளே போய்த் தன் வீட்டு டியூப்பையும் கொண்டுவந்து மேலே வைத்தார்.

"ஊருக்குள்ள ஒருத்தன் ஊட்டுக்கும் சொல்லல, நம்ம ஊட்ல மட்டும் கழட்டிட்டோம்" என்றாள் அந்த அக்கா, யாரையும் பார்க்காமல்.

அப்போதுதான் ஓனரின் கார் வந்தது. இறங்கினார். கையில் செய்தித்தாளில் சுற்றிய ஒன்று. சுற்றியிருந்த விதத்திலேயே எல்லோருக்கும் புரிந்துவிட்டது. குவியலைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். அதை முதுகுக்குப் பின்னால் மறைக்கப் போனவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"எங்க ஊட்டம்மா பயந்துக்கிச்சு" என்றார்.

நான் ஆபீசுக்குள் ஓடிப்போய், மிஷின்களைப் படம் எடுக்க வாங்கி வைத்திருந்த டிஜிட்டல் கேமராவை எடுத்துவந்தேன். ஏன் என்று என்னையே கேட்டுக்கொள்ள நேரம் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் திரும்பிப் போயிருப்பேன். பச்சைக் குவியல், பின்னால் கம்பெனிக் கதவு, ஓரத்தில் வரிசையாகச் செருப்புக் கால்கள். ஒரே ஒரு படம்.

"இன்னாத்துக்கும்மா போட்டோ?" ஓனரின் குரல் மாறியிருந்தது.

"வெப்சைட்ல மொத பக்கத்துல போடலாம் சார். குழுவுலயும் போடலாம். நாங்களே எங்க வீட்ல கழட்டிட்டோம், நீங்களும் கழட்டுங்கன்னு."

சுற்றி நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஓனர் விறுவிறுவென்று உள்ளே போய்விட்டார். நான் அவர் பின்னால் போனேன். போகும்போதே, இன்றோடு வேலை போனது, அண்ணனிடம் என்ன சொல்வது, இனி எந்தக் கம்பெனி சேர்த்துக்கொள்ளும் என்று மனசு ஒரு பட்டியலே போட்டுவிட்டது.

அறைக்குள் அவர் நாற்காலியில் உட்காரவில்லை. மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"யானை தன் தலையில தானே மண்ண வாரிப் போட்டுக்கும்னு சொல்லுவாங்க. நான் யானகூட இல்லம்மா. சின்னக் கம்பெனி. இத்தப் பாத்தா எவன் வாங்குவான்? உள்ள கீற அத்தினி பேருக்கும் நீயா சோறு போடுவ?"

"தெரியாது சார்."

"போட்டா இன்னா ஆவும்?"

"தெரியாது சார்."

"போடலைன்னா?"

"அதுவும் தெரியாது சார். ஆனா நேத்து எங்கம்மா அப்பளம் பொரிச்சுட்டு இருந்தாங்க சார்."

அவர் செய்தித்தாளைப் பிரித்துத் தன் வீட்டு டியூப்பை மேஜை மேல் வைத்தார். விரலால் மடக்கினார். அதுவும் பிளந்தது.

"போடு" என்றார். "ஆனா எனக்குக் காட்டாத. காட்டுனா வோணாம்னுடுவேன்."

எழுதியதைப் பலமுறை அடித்து எழுதினேன். கடைசியில் நின்றது இவ்வளவுதான்: இது எங்கள் கம்பெனி வாசல். எங்கள் வீடுகளில் மாட்டிய டியூப்களை நாங்கள் கழற்றிவிட்டோம். பச்சையில் மஞ்சள் கோடு போட்ட டியூப் உங்கள் வீட்டில் இருந்தால் நீங்களும் கழற்றுங்கள். முதலில் சிலிண்டரை மூடுங்கள், பிறகுதான் மற்ற எதுவும். புது டியூப் நாங்கள் தருகிறோம். கீழே கம்பெனி நம்பர், அதற்குக் கீழே ஓனரின் செல் நம்பர். ஆங்கிலத்திலும் எழுதினேன். படம் வெப்சைட்டில் ஏறுவதற்குள் கரண்ட் போய், யு.பி.எஸ். கீக் கீக் என்று கத்த ஆரம்பித்தது. அது நிற்பதற்குள் ஏறிவிட வேண்டும் என்று ஒரு பக்கம் வேண்டிக்கொண்டேன், ஏறாமல் போகட்டும் என்று இன்னொரு பக்கம். ஏறிவிட்டது. நான் பாத்ரூமுக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

கம்பெனி மூடவில்லை. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் படிக்கிறவர்கள் அதற்காகவே காத்திருப்பார்கள். ஆனால் மூடிவிடும் என்றுதான் அந்த நாட்களில் நாங்கள் ஒவ்வொருவரும் நம்பினோம். ஊதா தளத்தில் அந்தப் படத்தை எடுத்து எந்தெந்தக் குழுக்களிலோ ஒட்டினார்கள். ஈமெயிலில் சுற்றியது. சுற்றிச் சுற்றி எனக்கே ஒரு தோழி அனுப்பினாள், "இந்தக் கூத்தப் பாத்தியா" என்று. விளம்பரத்துக்காக நடிக்கிறார்கள் என்று ஒருவர் எழுதினார். இவர்களைப் பிடித்து உள்ளே போட வேண்டும் என்று ஒருவர். மற்ற எல்லா கம்பெனி டியூப்பும் இப்படித்தான், இவன் மட்டும் வாயைத் திறந்திருக்கிறான் என்று ஒருவர். நான் ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதினேன், சிலிண்டரை மூடினீர்களா என்று. வேறு எதுவும் எழுதத் தோன்றவில்லை.

ஆந்திர எல்லையில் இருக்கிற தடாவிலிருந்து ஒரு தெலுங்குக்கார டீலர் நேராகவே வந்துவிட்டார். வாசலில் கிடந்த குவியலைத் தாண்டி வந்தவர் ஓனரின் இரண்டு தோள்களையும் பிடித்து உலுக்கினார்.

"நைனா, சொந்தக் கடைக்கு எவனாவது தானே நெருப்பு வெச்சுக்குவானா? என் கடையாண்ட வந்து கத்துறானுங்க. எனக்கு டப்பு எவன் குடுப்பான்?"

"நான் குடுக்கறேன்" என்றார் ஓனர். அவர் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

டியூப் செய்கிற லைன் நின்றது. புதுக் கலவை வந்து, அதை டியூப்பாக்கி வேகவைத்து, சூட்டடுப்பில் சோதித்து முடிக்கும்வரை மிஷின் ஓடக்கூடாது என்று தரம் பார்க்கிறவர் சொல்லிவிட்டார். பேக்கிங் பெண்கள் வெறுமனே உட்கார்ந்து பெருக்கிய இடத்தையே பெருக்கினார்கள். நான் பஸ்ஸில் ஏறினால் பேச்சு நிற்கும். ஒரு நாள் அந்த வாயாடி அக்காவே நேராகக் கேட்டுவிட்டாள்.

"பொட்டியத் தட்டித் தட்டி எங்க சோத்துல மண்ணப் போட்டுட்டியேமே. மூத்தவளுக்கு இப்பதான் சம்பந்தம் பேசிக்கினு கீறோம். வேல போச்சுன்னா இன்னா சொல்றது அவங்களாண்ட?"

குவியலில் முதல் டியூப்பைப் போட்டவள் அவள்தான். அதை நான் சொல்லிக்காட்டவில்லை. அவள் பயம் எனக்குப் புரிந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து அவளே, "நாஷ்டா துன்னியா?" என்று கேட்டு ஒரு இட்லியை என் மடியில் வைத்தாள்.

பிறகு அந்தப் போன் வந்தது. வெளிநாட்டு நம்பர். எடுத்தது நான்தான்.

"உங்க போட்டோவ பாத்துட்டுதான் எங்கம்மாவுக்குப் போன் பண்ணேன்" என்றது ஒரு ஆண் குரல். இளம் குரல், கோபமா அழுகையா என்று பிரிக்க முடியவில்லை. "அம்மா கை வெந்துபோச்சு." திருவள்ளூரில் தேரடிக்குப் பின்னால் இருக்கிற தெருவைச் சொன்னார். வீட்டு அடையாளம் சொன்னார். அம்மா தனியாக இருக்கிறார் என்றார். வைத்துவிட்டார்.

அவ்வளவு நாள் நான் எதற்குப் பயந்தேனோ அது வந்துவிட்டது. ஓனர் அறைக்குப் போய்ச் சொன்னேன். அவர் எழுந்து சட்டைப் பையைத் தடவினார், எதையோ தேடுகிறவர் போல. பிறகு உள்ளே போய், சோதித்து முடித்த புதுச் சரக்கிலிருந்து ஒரு டியூப்பைத் தானே வெட்டி எடுத்துக்கொண்டு வந்தார்.

"வாம்மா, போலாம்."

"நான் எதுக்கு சார்?"

"எனக்குப் பயமா கீது" என்றார். ஒரு முதலாளி வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

கவரைப்பேட்டை தாண்டிப் பெரியபாளையம் வழியாகப் போனோம். அவரே ஓட்டினார். வெந்த கை எப்படி இருக்கும், அந்த அம்மாள் கத்துவாரா, அக்கம்பக்கத்தார் கூடி அடிப்பார்களா என்று நான் ஒவ்வொரு ஊர்ப் பலகைக்கும் ஒரு பயமாகப் பயந்துகொண்டே போனேன். தேரடியில் வண்டியை நிறுத்திய பிறகும் அவர் சாவியைத் திருப்பாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

கதவைத் திறந்த அம்மாளுக்கு அறுபது இருக்கும். வலது கை மணிக்கட்டிலிருந்து விரல்வரை வெள்ளைக் கட்டு. ஓனர் தன்னை யார் என்று சொன்னார். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அந்த அம்மாள் எங்களைத் திட்டுவார் என்று நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். அவர் நாற்காலியைக் காட்டினார்.

"பையன் பேசறப்ப அடுப்புல பால் வெச்சிருந்தேன்" என்றார். "'மொதல்ல சிலிண்டர மூடும்மா, அப்பறம் பேசு'ன்னு கத்தறான். உள்ள போனா, அடுப்பாண்ட டியூப்புல நெருப்பு நாக்கு நீட்டிக்கினு நிக்குது. தண்ணி சொம்பு கையில கீது. அவன் சொல்லலைன்னா அத்தத்தான் ஊத்தியிருப்பேன், இல்லனா வெளிய ஓடியிருப்பேன். காதுல அவன் சொன்னதே கேட்டுக்கினு இருந்துச்சு. குனிஞ்சு மூடிட்டேன். மூடறப்ப கை நெருப்புல பட்டுடுச்சு."

அந்த அம்மாள் எங்கள் இருவரையும் பார்த்துக் கேட்டார்.

"அந்த போட்டோ போட்டது யாரு?"

ஓனர் என்னைக் காட்டினார். என்னை மாட்டிவிட்டாரே என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. அந்த அம்மாள் என்னைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார்.

"குமிச்சு வெச்சிருந்துச்சாமே. அதுல உங்க ஊட்டு டியூப்பும் கீதா?"

"கீதும்மா" என்றார் ஓனர்.

"உங்களுதும்?"

நான் தலையாட்டினேன். அந்த அம்மாள் எழுந்து சமையலறை வாசலில் போய் நின்றார். அன்றிலிருந்து அடுப்பைத் தொடவில்லையாம். பக்கத்து வீட்டிலிருந்துதான் சாப்பாடு வருகிறதாம். "எத்தினி நாளைக்கு அவங்க குடுப்பாங்க" என்றவர், ஓனர் கையிலிருந்த டியூப்பைக் காட்டிக் கேட்டார். "இதுவும் உங்க கம்பெனிதானா?"

"ஆமாம்மா."

"அப்ப நீங்களே மாட்டி நீங்களே பத்த வைங்க."

ஓனர் தரையில் மண்டியிட்டார். வாழ்க்கை முழுக்க டியூப் செய்த மனிதர், ஒரு வீட்டு அடுப்பில் அதை மாட்டி நான் பார்த்தது அன்றுதான். கிளிப்பின் திருகாணி அவர் விரலில் நிற்காமல் நழுவிக்கொண்டே இருந்தது. நான் சோப்புத் தண்ணீர் கரைத்து முனைகளில் தடவினேன். சிலிண்டரைத் திறந்தார். குமிழ் வரவில்லை. இன்னொரு முறை தடவச் சொன்னார். வரவில்லை. மூன்றாவது முறையும் தடவச் சொன்னார்.

சுவர் கருத்திருந்தது. அடுப்புக்குப் பின்னால் ஒரு ஆள் உயரத்துக்குக் கரி நாக்கு. அதைப் பார்க்காமல் அந்த அறையில் எங்கேயும் நிற்க முடியாது. ஓனர் தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நீ வெளிய போம்மா."

போகவில்லை. தைரியம் எல்லாம் இல்லை, கால் எழும்பவில்லை. முதல் குச்சி ஒடிந்தது. இரண்டாவது பற்றியது. நீல வட்டமாக அடுப்பு எரிந்தது. நாங்கள் மூவரும் எரிவதையே பார்த்துக்கொண்டு நின்றோம். அந்த அம்மாள் மட்டும் வாசற்படியைத் தாண்டி உள்ளே வரவில்லை.

"அணைங்க" என்றார்.

ஓனர் அணைத்தார்.

"நீங்க ரெண்டு பேரும் போயி உக்காருங்க."

கூடத்தில் வந்து உட்கார்ந்தோம். அவர் தனியாக உள்ளே போனார். கட்டுப்போட்ட கையோடு எப்படித் தீக்குச்சி கிழிப்பார் என்று நினைத்து நான் எழப்போனேன். ஓனர் வேண்டாம் என்று கையைக் காட்டினார். இடது கையால் கிழிக்கிற சத்தம் கேட்டது, பற்றவில்லை. மறுபடி கிழிக்கிற சத்தம். பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. அந்த இடைவெளியில் நான் பயந்த மாதிரி என் வாழ்நாளில் எப்போதும் பயந்ததில்லை. ஓனர் கண்களை மூடிக்கொண்டிருந்தார், உதடுகள் அசைந்தன. மறுபடி குச்சி உரசியது. அடுப்பு புஸ்ஸென்று பிடித்த சத்தம் வந்தது. பாத்திரம் வைக்கிற சத்தம் வந்தது. அப்புறமும் நாங்கள் அசையவில்லை, பால் பொங்குகிற வாசனை கூடத்துக்கு வரும்வரை.

ஒவ்வொரு டம்ளராக, இரண்டு நடையில், இடது கையால் கொண்டுவந்து கொடுத்தார். வருகிற வழியில் கொஞ்சம் தரையில் சிந்தியிருந்தது. காபியில் சர்க்கரை போட மறந்துவிட்டார். நாங்கள் இருவரும் அப்படியே கடைசிச் சொட்டுவரை குடித்தோம்.